சாயவேரும் காப்பியும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், சேயாற்றின் கரையில் அமைந்த சிற்றூர் மாகறல். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் என்பதால் பக்தி இலக்கியம் பயின்றோர் அதன் பெயரை அறிவர். பட்டு வாங்கக் காஞ்சிக்கு வருவோரில் பலர் அப்பெயரைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். அவ்வூரைச் சுற்றியுள்ள வட்டாரத்தின் மேட்டுநிலங்களிலும் ஏரிக்கரைகளிலும் உழவு படாத புறம்போக்குகளிலும் சில மரங்களும் புதர்களும் தாமாகவே வளர்ந்து நிற்கும். நுணா, காரை, மருக்காரை, பாவட்டை, சுளுந்து, வெட்சி என்பன அவற்றின் பெயர்கள். விறகுக்கு வெட்டுவோரும் ஆடு மேய்ப்போரும் அன்றி வேறெவரும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

ஆயினும் உலக வணிகத்தின் போக்கை மாற்றிய ஒரு பெருங்குடும்பத்தின் உறுப்பினர்கள் இவை. நம் இல்லங்களில் விருந்தினர்க்கு முதலில் நீட்டப்படும் காப்பி இக்குடும்பத்தைச் சேர்ந்தது. மலைக்காய்ச்சலுக்கு நம் பாட்டன்மார் முகம் சுளித்து விழுங்கிய கொயினா இக்குடும்பத்தது. சோழமண்டலக் கரையின் துணிக்குக் கீழ்த்திசை நாடுகளில் பெயர் வாங்கித் தந்த சிவப்புச் சாயமும் இக்குடும்பத்தின் கொடையே. மன்னர்களின் போர்களையும் மணிமுடிகளையும் மட்டுமே வரலாறு என்று கற்றுப் பழகிவிட்ட நாம், ஒரு செடிக்குலத்தின் வரலாற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பயனுடையது. நம் முன்னோரின் கடல் வாணிபம் எதன்மேல் நின்றது என்பது அதில் துலங்கும்.

குடும்பமும் அதன் பெயரும்

நிலைத்திணை நூலார் இக்குடும்பத்தை 'ரூபியேசி' என்று வழங்குவர். பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய 1789ஆம் ஆண்டில் பாரிசைச் சேர்ந்த அந்துவான் லோரான் தெ ஜுசியூ என்னும் அறிஞர் தம் நூலில் இக்குடும்பத்தை வகுத்துக் காட்டினார். 'ரூபர்' என்னும் லத்தீன் சொல்லுக்குச் சிவப்பு என்பது பொருள். வேரில் சிவப்புச் சாயம் தரும் ஒரு செடிக்கு அச்சொல்லால் பெயரிட்டனர். அச்செடியின் பெயரே முழுக் குடும்பத்திற்கும் ஆகிவந்தது. ஆகவே சாயம் என்பது இக்குடும்பத்தின் பெயரிலேயே உறைந்திருக்கிறது.

அச்செடியை அரபியர் 'ஃபுவ்வா' என்றனர். யமன் நாட்டில் விளைந்த ஃபுவ்வா, இடைக்காலத்தில் ஏடன் துறைமுகத்தில் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. அதன் இந்திய உடன்பிறப்பு நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மஞ்சிட்டி.

பூக்கும் தாவரக் குடும்பங்களில் அளவால் நான்காவது இடம் இதற்கு உண்டு. 600க்கு மேற்பட்ட பேரினங்களும் ஏறத்தாழ 13,000 இனங்களும் இதில் அடங்கும். அவற்றில் மிகப்பல வெப்பநாடுகளின் மரங்களும் புதர்களும். சிறு பூண்டுகளும் சில உண்டு. இவற்றை அடையாளம் காண்பது கடினமன்று. இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாய் நிற்கும். விளிம்பில் பற்கள் இரா. இரு காம்புகளுக்கும் இடையே, தண்டோடு ஒட்டியபடி ஒரு சிறு செதில் இருக்கும். பூவின் இதழ்கள் அடியில் ஒன்றாகிக் குழல்போல் நீண்டிருக்கும். காயாகும் பகுதி இதழ்களுக்குக் கீழே அமைந்திருக்கும். காப்பிச் செடியின் பூவையும் வெட்சியின் பூவையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் இவ்வுறவைத் தாமே கண்டுகொள்வர்.

ஐரோப்பியர் இச்செடிகளுக்கு இட்ட பெயர்களுள் சில நம் மண்ணிலிருந்தே சென்றவை. கொச்சியின் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலில் மலையாளப் பெயர்களாலேயே செடிகள் குறிக்கப்பட்டன. பாவட்டை என்னும் சொல் அவ்வழியே அறிவியலுக்குள் புகுந்து 'பாவெட்டா' என்னும் பேரினப் பெயராக இன்றும் நிற்கிறது.

தமிழ் மரபில்

தமிழர்க்கு இக்குடும்பம் வெகு பழமையான அறிமுகம். தொல்காப்பியம் புறத்திணைகளைப் பூக்களின் பெயரால் வகுத்தபோது, முதலில் வைத்தது வெட்சி. பகைவரின் ஆநிரை கவரச் செல்லும் வீரர் சூடியது அப்பூ. இன்று நகர்ப்புறத்தார் 'இட்லிப்பூ' என்று வேலியோரத்தில் வளர்ப்பது அதன் இனமே. போருக்கு அடையாளமாய் நின்ற பூ, இட்லிக்கு உவமையாகிவிட்டது.

கடம்பு மற்றொன்று. உருண்டையான பூங்கொத்துடைய இம்மரம் முருகனுக்கு உரியதாகச் சங்கப் பாடல்களில் வருகிறது. கடலிடையே வாழ்ந்த பகைவரின் காவல்மரமாகிய கடம்பை வெட்டி, அதனால் முரசு செய்த சேரன் நெடுஞ்சேரலாதனைப் பதிற்றுப்பத்து போற்றுகிறது. கடல் வணிகத்திற்கு இடையூறு செய்தோரை அவன் அடக்கிய செய்தியாகவே ஆராய்ச்சியாளர் பலர் இதனைக் கொள்வர்.

இக்கடம்பு காஞ்சியின் வரலாற்றோடும் பின்னியிருக்கிறது. கருநாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் தாளகுந்தா என்னும் ஊரில் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த தூண் கல்வெட்டு ஒன்று உள்ளது. மயூரசர்மன் என்னும் இளைஞன் தன் ஆசானுடன் காஞ்சியின் கடிகைக்குக் கல்வி கற்க வந்தான். அங்கே பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு பூசல் மூண்டது. அவமதிப்புற்றவன் ஏட்டை வைத்துவிட்டு வாளை எடுத்தான். முடிவில் பல்லவரே அவனை அரசனாக ஏற்க நேர்ந்தது என்று அக்கல்வெட்டு கூறுகிறது. அவன் குலத்தார் தம் இல்லத்தருகே நின்ற கடம்ப மரத்தைப் பேணியதால் 'கடம்பர்' எனப்பட்டனர் என்பதும் அதில் உள்ளது. காஞ்சியில் ஒரு மாணவனுக்கு நேர்ந்த இழிவு ஓர் அரச மரபைத் தோற்றுவித்தது. அம்மரபுக்குப் பெயர் தந்தது ஒரு மரம்.

நுணா, அரசரையும் வீரரையும் நாடாத மரம். மஞ்சணத்தி என்றும் மஞ்சணாறி என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. அதன் கட்டை மஞ்சள் நிறமுடையது, இலேசாயினும் உறுதியானது. எனவே உழவர் நுகத்தடிக்கு அதனை விரும்பினர். பல பூக்களின் காய்கள் ஒன்றாகி ஒரே காயாய் உருள்வது அதன் தனித்தன்மை. அக்காய்களைச் சக்கரமாக்கி ஈர்க்குச்சி செருகித் தேர் ஓட்டி விளையாடாத சிற்றூர்ப் பிள்ளைகள் ஒரு காலத்தில் அரியர். அதன் வேர்ப்பட்டையோ சாயக்காரரின் பொருள். தனித்து மஞ்சளும், படிகாரத்தோடு சேர்ந்து சிவப்பும் அது தரும்.

கரையோரத்துச் சிவப்பு

இனி இக்குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பினரிடம் வருவோம். கடற்கரை மணலில், தரையோடு தரையாய் வளரும் பூண்டு அது, பெயர் இம்பூரல். அதன் வேரே சாயவேர். உயரம் ஒரு சாண் இராது. வேரோ மணலுக்குள் ஆழ இறங்கும். அவ்வேரின் பட்டையில்தான் சிவப்பு இருக்கிறது.

மசூலிப்பட்டினம் தொட்டு இராமேசுவரம் வரையிலும், கடல் கடந்து மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலும் இவ்வேர் அகழப்பட்டது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்ட டச்சுக்காரர், அங்கே இவ்வேரை அரசுரிமைப் பொருளாக நடத்தினர். வேர் அகழ்வது ஒருசாராரின் கட்டாய ஊழியமாக இருந்தது. குனிந்த முதுகோடு சுடுமணலைக் கிளறியவர்களின் பெயர்களை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை.

சாயமிடும் முறை எளிதன்று. துணியைக் கடுக்காய் நீரிலும் எருமைப்பாலிலும் தோய்த்துக் காயவைப்பர். சிவப்பு ஏற வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலை இடுவர். பின்னர்ச் சாயவேர்ப் பொடி இட்ட கொதிநீரில் துணியை வேகவைப்பர். படிகாரம் பட்ட இடம் சிவக்கும். மற்ற இடத்தில் ஏறிய மங்கல் நிறம், வெளுத்து வெயிலில் உலர்த்த நீங்கிவிடும். இவ்வாறு ஏறிய சிவப்பு எத்தனை முறை துவைத்தாலும் போகாது. கெர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இம்முறையைச் சாயக்காரரிடம் கேட்டறிந்து, 1742இல் தம் நாட்டுக்கு விரிவான கடிதமாக எழுதி அனுப்பினார். ஐரோப்பா வியந்து வாங்கிய துணியின் கமுக்கம் அவ்வாறு கடல் கடந்தது.

பட்டுக்குச் சிவப்பூட்டியது பெரும்பாலும் வேறு பொருள். மரக்கிளைகளில் பூச்சிகள் கட்டும் அரக்கு அது. காஞ்சிப் பட்டில் 'அரக்கு நிறம்' என்ற பெயர் இன்றும் வழங்குவதன் காரணம் அதுவே. பருத்திக்கு உரியது சாயவேர். காஞ்சி என்றதும் பட்டையே நினைக்கும் நாம், தொண்டை நாட்டு நெசவூர்களின் பருத்தித் துணியே நெடுங்காலம் கப்பல் ஏறியது என்பதை மறந்துவிடலாகாது.

அத்துணி கப்பலேறிய பெருந்துறைகளுள் ஒன்று பழவேற்காடு. அங்கும், பறங்கிப்பேட்டை, நாகூர், நாகப்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய துறைகளிலும் தமிழ் முஸ்லிம் வணிகர் கலம் செலுத்தினர். மலாக்காவிலும் அச்சேயிலும் சாவகத்திலும் சோழமண்டலத் துணி பணத்திற்கு நிகராய் மாறியது. அதனைக் கொடுத்து மிளகும் கிராம்பும் சாதிக்காயும் பெற்றனர். 1511இல் போர்த்துக்கேயர் மலாக்காவைப் பிடித்தபின் அங்கு வந்த தோமே பீரிசு என்பவர், பழவேற்காட்டிலிருந்து வந்த துணிகளைத் தம் நூலில் குறித்துள்ளார். 1610இல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் பண்டகசாலை நிறுவியதும் இத்துணிக்காகவே.

இவ்வாணிபத்தின் சுவடு இன்றும் அழியவில்லை. மலாய் மக்கள் கட்டும் கட்டமிட்ட கைலிக்கு 'காயின் பெலெக்காட்' என்று பெயர். பெலெக்காட் என்பது பழவேற்காடு. நம் வீடுகளில் 'பாளையக்காட்டுக் கைலி' என்று கேட்டு வாங்குவதும் அதே ஊரின் பெயர்தான். ஓர் ஊரின் பெயர் கடலுக்கு இருபுறமும் ஆடையின் பெயராய் நிலைத்திருக்கிறது. மரக்கலம் ஓட்டியோரின் பெருமையை நாம் அடிக்கடி பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அம்மரக்கலத்தை நிறைத்தது நெய்தவரின் உழைப்பு, சாயமிட்டவரின் நுட்பம், மணலில் வேர் அகழ்ந்தவரின் வியர்வை. அப்பெருமையில் அவர்களுக்குரிய பங்கை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் வரலாறு அரை வரலாறே ஆகும்.

1868ஆம் ஆண்டு

சாயவேரின் சிவப்புக்குக் காரணமான பொருளை வேதியியலார் 'அலிசரின்' என்பர். ஐரோப்பிய ஃபுவ்வாவின் வேரிலும் உள்ளது அதுவே. 1868இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானியர் இருவர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு அலிசரினைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். அடுத்த ஆண்டிலேயே அதனைத் தொழிற்சாலையில் செய்யும் முறைகள் உரிமைப் பதிவு பெற்றன. பிரான்சின் தென்பகுதியில் ஃபுவ்வா பயிரிட்ட உழவர் சில ஆண்டுகளில் நலிந்தனர். நம் கரையிலும் அதே கதி நேர்ந்தது. டின்களில் வந்த அலிசரின் மலிவானது, வேலையும் குறைவு. சாயவேர் அகழ்வோர்க்குக் கூலி கொடுப்பார் இல்லாமற் போயினர்.

இதனைச் சதி என்று சொல்வதற்கில்லை. புதுப்பொருள் மலிவாய் வந்தால் பழம்பொருள் வீழ்வது சந்தையின் இயல்பு. ஆனால் வேரோடு சேர்ந்து, எந்த மணலில் எந்தப் பருவத்தில் அகழ்ந்தால் நிறம் ஏறும் என்னும் தலைமுறைகளின் அறிவும் போயிற்று. செயற்கைச் சாயத்தின் கழிவு பின்னர் நம் ஆறுகளைக் கெடுத்தது. நொய்யல் ஆற்றின் பொருட்டுத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் ஆணையிட நேர்ந்தது. மலிவு என்று வாங்கியதன் விலையை நீரும் நிலமும் கொடுத்தன.

கஹ்வா

சாயவேர் நம் கரையிலிருந்து வெளியே சென்றது. அதன் உறவினரான காப்பி வெளியிலிருந்து வந்தது. அதன் தாயகம் எத்தியோப்பிய மலைக்காடுகள். அதனைப் பானமாக்கி உலகுக்குத் தந்தவர்கள் யமன் நாட்டு ஸூஃபியாக்கள். 15ஆம் நூற்றாண்டில், இரவு நேர திக்ருகளில் உறக்கம் விலக்க அவர்கள் இதனை அருந்தினர். திங்கள், வெள்ளி இரவுகளில் சிவந்த மண்கலத்தில் காப்பியை வைத்து, தலைவர் முகந்து கொடுக்க, வலப்புறமிருந்து வரிசையாய்ப் பருகிய காட்சியை அப்துல் காதிர் அல்ஜஸீரி 1558 அளவில் எழுதிய நூலில் காணலாம். காப்பியைப் பற்றிய பழம் அரபு நூல்களுள் தலையாயது அது.

மலாக்கா வீழ்ந்த அதே 1511இல் மக்காவில் காப்பிக்கு எதிராக ஒரு வழக்கு நடந்தது. மம்லூக் அதிகாரி காயிர் பேக், இரவில் பள்ளியருகே சிலர் கூடிக் காப்பி பருகுவதைக் கண்டு ஐயுற்றார். மார்க்க அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டினார். காப்பி தடை செய்யப்பட்டது, தெருவில் எரிக்கவும்பட்டது. ஆனால் கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் ஆணை, கூட்டங்களைக் கட்டுப்படுத்தியதேயன்றிப் பானத்தை முற்றாக விலக்கவில்லை. கண்டதும் தடுக்க முனைவோரும், ஆராய்ந்து அனுமதிப்போரும் எக்காலத்தும் உண்டு. இவ்வழக்கில் ஆராய்ச்சி வென்றது. 1550களில் காப்பிக் கடைகள் இஸ்தான்பூலை எட்டின.

மொக்கா துறைமுகத்தின் வழியே காப்பிக்கொட்டை உலகெங்கும் சென்றது. முளைக்கும் விதையை மட்டும் வெளியே விடலாகாது என்பதில் அங்கே கண்டிப்பு இருந்தது. ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய பாபா புதன் என்னும் இறைநேசர் ஏழு விதைகளைக் கொண்டுவந்து, சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது 17ஆம் நூற்றாண்டைச் சார்த்திச் சொல்லப்படும் செவிவழி வரலாறு. இந்துக்களும் முஸ்லிம்களும் போற்றும் அம்மலை அவர் பெயராலேயே பாபா புதன் கிரி எனப்படுகிறது. அங்கு விளையும் காப்பிக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

1690களில் டச்சுக்காரர் மலபார்க் கரையிலிருந்து காப்பிச் செடிகளைச் சாவகத்திற்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் தோட்டத்திற்கும், 1714இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தோட்டத்திற்கும் செடி சென்றது. அதனை ஆராய்ந்து எழுதியவர், நாம் முன்னர்க் கண்ட ஜுசியூவின் சிற்றப்பர். பூவின் வடிவும் மணமும் கண்டு அதனை அவர் 'அரபு மல்லிகை' என்றே அழைத்தார். காப்பி மல்லிகையன்று, வேறு குடும்பத்தது என்பது பின்னரே தெளிவாயிற்று. அரபியின் 'கஹ்வா', துருக்கியில் 'கஹ்வே'யாகி, டச்சில் 'கொஃபி'யாகி, நம்மிடம் காப்பியாக வந்து சேர்ந்தது. ஈழத்தார் 'கோப்பி' என்பதில் டச்சின் ஒலி இன்னும் தெளிவாய்க் கேட்கிறது.

திக்ரு மன்றத்தில் விழித்திருக்கப் பிறந்த பானம், பின்னர் அடிமைகளின் கண்ணீரில் விளைந்தது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் அதனைப் பயிரிட்டனர். இலங்கையின் கண்டி மலைகளில் 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்துக் கூலிகள் அதனைப் பறித்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து சென்றவர்களில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் எண்ணற்றோர். சாயவேர் அகழப்பட்ட அதே மன்னார்க் கரைதான் அது. 1869இல் இலைத்துரு என்னும் பூஞ்சைநோய் இலங்கைக் காப்பியைத் தாக்கியது. இருபது ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் அழிந்து தேயிலைக்கு இடம் தந்தன.

காய்ச்சலுக்கு மருந்தும் இக்குடும்பத்திலிருந்தே வந்தது. தென்னமெரிக்க ஆண்டிசு மலையின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் குயினின் பிரித்தெடுக்கப்பட்டது. 1860ஆம் ஆண்டையொட்டி அம்மரம் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. அஞ்சலகத்தில் சிறு பொட்டலமாக விற்ற கொயினா, ஏழைக்கும் எட்டிய மருந்தாயிற்று.

நமக்குரிய கடமை

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? காப்பி ஆங்கிலேயன் தந்த பழக்கம் என்று எண்ணுவோர் உளர். அதன் முன்வரலாறு அரபு மண்ணிலும் நம் அண்டை மலையிலும் இருக்கிறது. காஞ்சியின் புகழ் பட்டில் மட்டும் என்று எண்ணுவோர் உளர். அதன் நாட்டுப்புறத்துப் புதரிலும் கடற்கரைப் பூண்டிலும் அந்நாட்டின் செல்வம் இருந்தது. வரலாறு ஒரு சமூகத்தின் தனிச்சொத்தன்று. அகழ்ந்தவர் ஒருவர், நெய்தவர் ஒருவர், சாயமிட்டவர் ஒருவர், கடல் கடத்தியவர் ஒருவர். இவர்களுள் ஒருவரை நீக்கினாலும் அத்துணி மலாக்காவை அடைந்திராது.

மாகறல் வட்டாரத்திலும் தமிழகம் எங்கும் மேட்டுநிலப் புதர்கள் மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறிவருகின்றன. நுணாக்காய்த் தேர் ஓட்டிய தலைமுறை மறைந்தால், அம்மரத்தின் பெயரும் அதனோடு மறையக்கூடும். எனினும் மனிதர் கை அதிகம் படாத இடங்கள் சில ஊர்தோறும் எஞ்சியுள்ளன. கோயில் காடுகள் அவற்றுள் சில. நம் கபர்ஸ்தான்கள் வேறு சில. அடக்கவிடத்தைத் தூய்மை செய்கிறோம் என்று இயந்திரத்தைக் கொண்டு அங்குள்ள பழமரங்களை எல்லாம் வேரோடு பெயர்ப்பது சில ஊர்களில் வழக்கமாகி வருகிறது. முள்ளையும் குப்பையையும் அகற்றுவது தேவையே. நுணாவையும் காரையையும் வெட்சியையும் விட்டுவைக்க ஜமாஅத்தார் முன்வரல் வேண்டும். மக்தபுக்கு வரும் பிள்ளைகளுக்கு அவற்றின் பெயரைச் சொல்லித்தர ஒரு மாலைப்பொழுது போதும். அம்மரங்களின் பெயர் தெரிந்த முதியவர் ஒருவரேனும் இன்றும் ஊரில் இருப்பார். அவர் இருக்கும்போதே அதனைச் செய்துவிடுவது நலம்.